ஸ்கை தீவின் ஒன்பது பேர்

ஸ்காட்லாந்தின் வடமேற்கில் ஸ்கை என்றொரு தீவு. அதையும் எதிர்க்கரையிலுள்ள லொகால்ஷையும் சேர்த்து ஒரே மாவட்டமாக வைத்திருந்தார்கள். 1975 முதல் 1980 வரை அங்கே ஆண்களில் ஒன்பது பேருக்கு உதட்டுப் புற்றுநோய் பதிவானது. நாட்டின் பொது விகிதத்தை அந்த மாவட்டத்து ஆண்களின் வயதுக் கணக்கில் பொருத்தினால் வந்திருக்க வேண்டியது 1.4 தான். ஒன்பதை அதால் வகுத்தால் ஆறரை மடங்கு. 56 மாவட்டங்களில் இதுவே முதலிடம். வரைபடத்துக்கு வண்ணம் தீட்டினால் அடர்சிவப்பு ஸ்கைக்குத்தான் போகும்.

போக வேண்டுமா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் பேய்ஸ் முறையைக் கற்றேன். நான் சமூக மருத்துவம் படித்த டாக்டர். வாராவாரம் வரும் நோய் எண்ணிக்கையைப் பார்த்து எந்த வட்டாரத்துக்கு ஆள் அனுப்புவது என்று முடிவு செய்யும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து பேருக்கு நோய் வந்த சின்ன ஊர் சிவப்பாவதும், அடுத்த வாரமே அது பச்சையாவதும் எனக்குப் பழக்கம். அந்த நிறத்தை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத்தான் வழி தெரியாமல் இருந்தது.

பயிற்சி வகுப்பில் எங்கள் பேராசிரியர் லேப்டாப்பைத் திறக்க விடவில்லை. 56 வரிகள் அச்சடித்த தாளையும் கால்குலேட்டரையும் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, 1985இல் ஸ்காட்லாந்துக்கு ஒரு புற்றுநோய் வரைபடத் தொகுப்பு வெளியிட்டது. இந்த எண்கள் அந்தக் காலத்துப் பதிவேட்டிலிருந்து வந்தவை. 1987இல் டேவிட் கிளேட்டனும் ஜான் கால்டரும் இவற்றை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன்பின் நோய் வரைபடம் கற்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தாளைத் தொடாமல் மேலே போவதில்லை.

தாளில் முதலில் கண்ணில் படுவது அளவு வித்தியாசம். கிளாஸ்கோவில் எதிர்பார்த்தது 88.7, வந்தது 28. அங்கே இரண்டு பேர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் அசையாது. ஸ்கையில் இரண்டு பேர் குறைந்திருந்தால் ஆறரை மடங்கு ஐந்தாகியிருக்கும். இரண்டு பேர் கூடியிருந்தால் ஏறத்தாழ எட்டு. தாளின் கடைசியில் அனண்டேல், ட்வீட்டேல் என்று இரண்டு மாவட்டங்கள். இரண்டிலும் ஒருவருக்கும் நோய் இல்லை, விகிதம் சுழியம். சிறிய இடங்களே உச்சியிலும் அடியிலும் போய் உட்காருவது எல்லா நாட்டிலும் எல்லா நோயிலும் நடக்கும். சுகாதாரத் துறைகள் வெளியிடும் வண்ண வரைபடங்களில் பலவும் நோயைவிட மக்கள்தொகையின் சிறுமையைத்தான் காட்டுகின்றன என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

இதற்குக் கைகொடுக்கும் முறைக்குப் பெயர் தந்த தாமஸ் பேய்ஸ் இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்தவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1761இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அவருடைய கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்ப, 1763இல் அது அச்சானது. கையில் ஏற்கெனவே உள்ள அறிவை, புதிதாகக் கண்ட தகவலால் எவ்வளவு திருத்துவது என்பதற்கான கணக்கு அது. ஏற்கெனவே உள்ள அறிவை வகுப்பில் ‘ப்ரையர்’ என்போம்.

ஸ்கைக்கு ப்ரையர் எங்கிருந்து வரும்? 56 மாவட்டங்களையும் ஒன்றாகப் பார்த்தால், ஸ்காட்லாந்தில் ஒரு மாவட்டம் பொதுவாக எப்படியிருக்கும், எவ்வளவு ஏறி இறங்கும் என்று தெரிகிறது. கிளேட்டனும் கால்டரும் அப்படித்தான் கணக்கிட்டார்கள். அவர்கள் கண்ட எடையைத் தோராயமாகச் சொன்னால், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வந்த எண்ணிக்கையோடு 2, எதிர்பார்த்ததோடு 1.4 கூட்ட வேண்டும். ஸ்கைக்கு இப்போது 11ஐ 2.8ஆல் வகுக்கிறோம். ஆறரை, நான்குக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. பான்ஃப்-பகன் என்ற வடகிழக்கு மாவட்டத்தில் வந்தது 39, எதிர்பார்த்தது 8.7, அதாவது நாலரை மடங்கு. அதே கூட்டலைச் செய்தால் 41க்கு 10.1, நான்குக்குச் சற்று மேலே. முதலிடம் கைமாறிவிட்டது. 39 பேரின் சாட்சியம் அந்தக் கூட்டலால் அதிகம் அசையவில்லை. ஒன்பது பேரின் சாட்சியம் அசைந்தது. அதே சமயம் ஸ்கை இன்னும் நான்கு மடங்கில்தான் நிற்கிறது, யாரும் அதைக் கைவிடவில்லை. இந்தக் கணக்கை என் கையால் போட்டுப் பார்த்த அன்று இந்த முறை மீது எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

சுழிய மாவட்டங்களுக்கு வந்ததும் வகுப்பில் சலசலப்பு. சுகாதார ஆய்வாளராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஒருவர் எழுந்து, “சார், கேஸே இல்லாத ஊருக்கு எப்படி சார் நோய் எழுதுறீங்க?” என்றார்.

“அந்த ஊர்ல நோயே வராதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா?” என்றார் பேராசிரியர்.

அவர் கொஞ்சம் யோசித்து, “அது முடியாது சார்” என்றார். அனண்டேலுக்கு 0.36, ட்வீட்டேலுக்கு 0.63 என்று விடை வந்தது. இரண்டிலும் ஒருவருக்கும் நோயில்லை என்றாலும், அனண்டேலில் 4.2 எதிர்பார்த்தோம், ட்வீட்டேலில் 1.8 மட்டுமே. அதிகம் எதிர்பார்த்த இடத்தில் ஒன்றும் வராதது வலுவான செய்தி என்று கணக்கே பிரித்துக் காட்டிவிட்டது.

எல்லா மாவட்டத்துக்கும் ஒரே ப்ரையர் என்பது முதல் படிதான். 1991இல் ஜூலியன் பெசாக், ஜெரமி யார்க், ஆனி மொலியே மூவரும் எழுதிய கட்டுரையில் அக்கம்பக்கம் உள்ளே வந்தது. மங்கலான படங்களைக் கணினியால் தெளிவாக்கும் கணக்கிலிருந்து அது வந்தது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிகளிடம் கேட்டுத் தன் நிறத்தைத் திருத்திக்கொள்வதைப் போல, மாவட்டம் தன் எல்லையைத் தொடும் மாவட்டங்களிடம் கேட்கிறது. கூடவே, யாரோடும் சேராத தனித்தன்மைக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். ஆர்க்னி, ஷெட்லாண்ட், மேற்குத் தீவுகள் ஆகிய மூன்றுக்கும் நில எல்லையில் அண்டை வீடே கிடையாது. அவற்றுக்கு யாரை அண்டை என்பது? தரவை அறிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும், மென்பொருள் செய்யாது.

இந்தக் கணக்கைக் கையால் போட முடியாது. கணினி, தரவுக்குப் பொருந்தக்கூடிய வரைபடங்களை ஆயிரக்கணக்கில் வரைந்து பார்க்கிறது. அவற்றில் எத்தனையில் ஒரு மாவட்டத்தின் ஆபத்து சராசரியைத் தாண்டுகிறது என்று எண்ணினால், அதுவே நிகழ்தகவு. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வந்தால் கவனிக்கலாம் என்று 2004இல் சில்வியா ரிச்சர்ட்சன் குழுவினர் பரிந்துரைத்தார்கள். அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தந்தது: எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது, தனியாக ஓரிடத்தில் ஓரளவே உயர்ந்த உண்மையான ஆபத்தையும் இம்முறை சமப்படுத்தி மறைத்துவிடக்கூடும். ஒரே ஒரு ஊரின் குடிநீர் கெட்டிருந்தால் அக்கம்பக்கத்தைக் கேட்டு என்ன பயன்? அங்கே கிராம சுகாதாரச் செவிலியர் சொல்வதைத்தான் முதலில் கேட்பேன்.

காரணம் தேடும்போதும் கவனம் வேண்டும். உதட்டுப் புற்றுநோய்க்கு வெயில் ஒரு முக்கியக் காரணம். விவசாயம், மீன்பிடி, காட்டுவேலை செய்வோரின் சதவீதம் தாளில் இன்னொரு பத்தியாக இருக்கிறது. ஸ்கையில் 16, பான்ஃப்-பகனில் 16, கிளாஸ்கோவில் சுழியம். கதை முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒருவருக்கும் நோய் வராத அனண்டேலிலும் அதே 16 தான். அண்டைத் தொடர்பைக் கணக்கில் சேர்த்ததும் வெளிவேலைக்கும் நோய்க்கும் இடையிலான பிணைப்பு கணிசமாக இளகுகிறது. வெளிவேலை மிகுந்த மாவட்டங்களும் வரைபடத்தில் பக்கம் பக்கமாகவே கிடப்பதால், எது வேலையின் பங்கு, எது இடத்தின் பங்கு என்று பிரிப்பது கடினம்.

இப்போது கூட்டங்களில் வண்ண வரைபடம் ஒன்று திரையில் வந்தால், கூடவே இரண்டாவதையும் கேட்கிறேன்: ஒவ்வொரு இடத்தின் ஆபத்தும் சராசரியைத் தாண்டியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் வரைபடம். முதலாவதில் சிவப்பாகவும் இரண்டாவதில் வெளிறியும் இருக்கும் ஊருக்கு மருந்து தெளிக்கும் வண்டிக்கு முன்னால், வீடு வீடாக விசாரிக்க ஓர் ஆளை அனுப்பச் சொல்கிறேன்.