சுவர் ஏற 15 வேணும்... டைஸ்ல விழுந்தது 9! டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 'ஸ்கில்' கணக்கு தெரியுமா?

பாழடைந்த கோட்டை. பின்னால் கோப்ளின் கூட்டம் துரத்திக்கிட்டு வருது. முன்னால் பாசி பிடித்த ஈரச் சுவர். உங்கள் கேரக்டர் ஒரு போர்வீரன். ஏறித் தப்பிப்பானா, வழுக்கி விழுவானா?

வீடியோ கேமா இருந்தா பட்டனைத் தட்டுவோம். நாவலா இருந்தா எழுத்தாளர் முடிவு பண்ணுவார். ஆனால் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாயாலேயே கதை சொல்லி விளையாடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மாதிரியான கேம்களில் இதை முடிவு செய்வது இரண்டே விஷயங்கள். ஒன்று, 20 முகம் கொண்ட டைஸ். இன்னொன்று, கேரக்டர் ஷீட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கும் ஒரு குட்டி எண். அந்த எண் எங்கிருந்து வருது என்பதுதான் ஸ்கில் சிஸ்டம்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நாலாவது சீசனில் எரிகா டைஸை உருட்டி 20 வாங்கியதும் மொத்த ரூமும் கத்துமே, ஞாபகம் இருக்கா? அது சண்டைக்கான உருட்டல். ஸ்கில் என்பது பெரும்பாலும் சண்டைக்கு வெளியே நடக்கும் சமாச்சாரம். சுவர் ஏறுவது, ஒளிந்து நடப்பது, பொய் சொல்வது, காட்டில் கால்தடம் பார்த்துப் போவது, பழைய மந்திர எழுத்தைப் புரிந்துகொள்வது, இப்படி.

கணக்கு இவ்வளவுதான்

2014-ல் வந்த ஐந்தாவது எடிஷனை எடுத்துக்கொள்வோம். இதில் மொத்தம் 18 ஸ்கில்கள். ஒவ்வொன்றும் வலிமை, வேகம், அறிவு மாதிரி ஓர் அடிப்படைத் திறனோடு கட்டப்பட்டிருக்கும். சுவர் ஏறுவது 'அத்லெடிக்ஸ்', அதற்கு வலிமை.

நம் போர்வீரனுக்கு வலிமை 16. விதிப்படி அதற்கு +3. அத்லெடிக்ஸில் பயிற்சியும் எடுத்திருக்கிறான் என்றால், முதல் லெவலில் இன்னொரு +2. ஆக மொத்தம் +5. கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் சுவரைப் பார்த்து ஓர் இலக்கு வைப்பார். சுலபம் என்றால் 10, நடுத்தரம் 15, கஷ்டம் 20. கிட்டத்தட்ட நடக்கவே நடக்காது என்றால் 30.

இந்தச் சுவருக்கு 15. டைஸில் 9 விழுந்தால், 9 + 5 = 14. ஒரே ஒரு எண்ணில் போச்சு!

10 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் ஏற முடியும். அதாவது 55 சதவிகித வாய்ப்பு. பயிற்சி பெற்ற வீரனே 100-க்கு 45 தடவை வழுக்குகிறான். அவனோடு வரும் நோஞ்சான் மந்திரவாதிக்கு வலிமை 8, கணக்கில் -1. அவருக்கு 25 சதவிகிதம். வீரன் விழுந்து, மந்திரவாதி அநாயாசமாக மேலே உட்கார்ந்திருக்கும் கூத்து ஏறத்தாழ ஒன்பது தடவைக்கு ஒரு தடவை நடக்கும். மேசையில் எல்லாரும் சிரிக்கும் தருணமும் இதுதான், 'இதுக்கா நான் ட்ரெயினிங் எடுத்தேன்'னு வீரனாக விளையாடுபவர் கடுப்பாகும் தருணமும் இதுதான். 20 முக டைஸ் மேல் ரசிகர்களுக்கு இருக்கும் பெரிய புகாரே இது. லெவல் ஏற ஏற பயிற்சி போனஸ் +6 வரை போகும்; அப்போதுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

சூழ்நிலை உங்களுக்குச் சாதகமாக இருந்தால், உதாரணமாக நண்பன் கீழே நின்று தோள் கொடுத்தால், டைஸை இரண்டு முறை உருட்டி பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 55 சதவிகிதம் அப்படியே 80-க்குத் தாவும். புதுசா விளையாடுறவங்க மறந்துபோகும் விதி இது. தனியாக ஹீரோயிசம் காட்டுவதைவிட, 'டேய், கொஞ்சம் தூக்கி விடு' என்பது இங்கே ரொம்ப லாபம்.

ஆரம்பத்தில் ஸ்கில்லே கிடையாது

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த கேமை வெளியிட்டபோது ஸ்கில் லிஸ்ட் என்று எதுவும் இல்லை. தரையில் பொறி இருக்குமோ என்று சந்தேகமா? 10 அடிக் கழி ஒன்றை விலைக்கு வாங்கி, முன்னால் தட்டித் தட்டிப் பார்க்கிறேன் என்று நீங்களே சொல்ல வேண்டும். கேரக்டரின் புத்தியைவிட உங்கள் புத்திதான் முக்கியம்.

அடுத்த வருடமே 'திருடன்' வந்து சேர்ந்தான். பூட்டுத் திறப்பது, நிழலில் மறைவது எல்லாவற்றுக்கும் அவனுக்குத் தனித்தனியாக சதவிகிதம். 1978-ல் வந்த விதிப்புத்தகத்தில் முதல் லெவல் திருடன் நிழலில் மறைய வாய்ப்பு வெறும் 10 சதவிகிதம்! தொழில்முறைத் திருடனுக்கே இந்த லட்சணம். அதோடு ஒரு சிக்கலும் ஆரம்பித்தது. இது திருடனின் திறமை என்று எழுதிவிட்டதால், மற்றவர்கள் மறைய முயற்சிகூட செய்யக் கூடாதோ என்ற குழப்பம். ஒரு திறமையைப் பட்டியலில் எழுதினால், பட்டியலில் இல்லாதவருக்குக் கதவு சாத்தப்படுகிறது.

இதற்கு அழகான பதில் கொடுத்தது அதே 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்'. அதில் யாரும் எதையும் முயற்சி செய்யலாம். ஒரு ஸ்கில்லை நெருக்கடியில் பயன்படுத்தி ஜெயித்தால் பக்கத்தில் ஒரு டிக். சாகசம் முடிந்ததும் 100 வரை வரும் டைஸை உருட்ட வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சதவிகிதத்தைவிட அதிகமாக விழுந்தால்தான் திறமை கூடும். அதாவது கத்துக்குட்டி வேகமாகக் கற்றுக்கொள்வான். கில்லாடிக்கு ஒரு படி ஏறுவதே பாடு. உண்மையில் கிடார் கற்பதும் இப்படித்தானே? எனக்குத் தெரிந்து இந்த உலகிலேயே நேர்மையான விதி இது.

2000-ல் வந்த மூன்றாவது எடிஷன் நேர் எதிர். 30-க்கும் மேற்பட்ட ஸ்கில்கள், பாயின்ட் பாயின்ட்டாகப் பிரித்துப் போட வேண்டும். சராசரி அறிவு கொண்ட திருடனுக்குத் தொடக்கத்தில் 32 பாயின்ட், போர்வீரனுக்கு 8. வீரனுக்கு வாள் சுற்றுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று ரூல் புக்கே முத்திரை குத்தியது போல!

கூச்ச சுபாவக்காரர் ராஜதந்திரி ஆகலாமா?

இன்றுவரை ஓயாத பஞ்சாயத்து ஒன்று உண்டு. உங்கள் கேரக்டர் பேச்சாலேயே அரசனை மயக்கும் பாடகன். 'பெர்சுவேஷன்' +7. ஆனால் நீங்களோ நாலு பேர் முன்னால் பேசவே தடுமாறுபவர். அரசன் முன் நிற்கும் காட்சியில் டன்ஜன் மாஸ்டர், 'சரி, பேசிக் காட்டு' என்கிறார். வாய் வரவில்லை. 'இதுக்கு ராஜா மசிய மாட்டார்' என்று முடித்துவிட்டால்?

அந்த +7-க்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. சுவர் ஏறும் வீரனை யாரும் வீட்டுச் சுவரில் ஏறிக் காட்டச் சொல்வதில்லை. பேச்சுக்கு மட்டும் ஏன் பரீட்சை? அதற்காக, 'உருட்டினேன், 22, ராஜா ஒப்புக்கிட்டார்' என்று முடித்தாலும் சப்பென்று இருக்கும். நல்ல மேசைகளில் நடப்பது நடுவழி. என்ன சொல்லி மசிய வைக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். 'பஞ்சத்துல உங்க அப்பா எங்க ஊருக்குத் தானியம் தந்ததை ஞாபகப்படுத்துறேன்' என்றால் போதும். எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள் என்பதை டைஸ் பார்த்துக்கொள்ளும். நல்ல வாதம் என்றால் இலக்கு எண்ணைக் குறைக்கலாம்.

இன்னொரு தப்பான நம்பிக்கை: 20 விழுந்தால் எல்லாம் நடக்கும் என்பது. 2014 விதிப்படி அது சண்டை உருட்டலுக்கு மட்டும்தான். 'பால்டர்ஸ் கேட் 3' ஆடியவர்கள் குழம்புவது இதில்தான். அந்த வீடியோ கேமில் ஸ்கில்லுக்கும் 20 என்றால் வெற்றி, 1 என்றால் தோல்வி. 'ராஜா, உங்க நாட்டை எனக்குக் கொடுங்க' என்று கேட்டு 20 உருட்டினாலும் மேசையில் நாடு கிடைக்காது. ஜோக் என்று நினைத்து சிரித்துவிட்டுப் போவார், தலை தப்பும்.

ட்ரை பண்ணணுமா?

ஐந்தாவது எடிஷனின் அடிப்படை விதிகளை 2023-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். டைஸ் வாங்கக்கூட வேண்டாம், போன் ஆப்பே உருட்டித் தரும். ஸ்கில் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நண்பர்களோடு பேசிவிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் ஒளிந்து நடப்பதையே எடுத்தால், வழியில் கிடைக்கும் ஓலையை ஆராய ஆள் இருக்காது. மொத்தமாகப் பதுங்கிப் போக வேண்டி வந்தால் எல்லாரும் உருட்டுங்கள். பாதிப் பேர் ஜெயித்தாலே கூட்டம் தப்பிவிடும். இரும்புக் கவசத்தில் ஜல் ஜல் என்று வருபவர் மட்டும் இரண்டு முறை உருட்டி, சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.