கையெழுத்தும் தலையெழுத்தும்

(பி.எஸ்ஸி., இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

‘கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது’ என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையின் கோணல் எழுத்தைக் கண்டு வாத்தியார் திட்டிய நாளில், எந்தத் தாயாவது தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன சொல்லாக இது இருக்கலாம். ஆனால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே ஒரு கையெழுத்துக்குள் அடங்கிக் கிடந்ததை நான் சென்ற கோடையில் கண்டேன். அந்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அம்மா கைநாட்டு வைத்துக்கொண்டிருந்து, நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். திருவண்ணாமலைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் எங்களுக்கு எண்பது சென்டு நிலம் உண்டு. மல்லாட்டை போடுவோம். கிணறு பொதுக் கிணறு. சென்ற கோடையில் தண்ணீர் குறைந்தபோது பக்கத்து நிலத்துப் பங்காளி, “உங்களுக்கு இந்தக் கிணற்றில் பங்கே கிடையாது. இத்தனை நாள் போனால் போகிறது என்று விட்டிருந்தோம்” என்று சொல்லிவிட்டார். எங்கள் முறை நின்றது. பயிர் வாடத் தொடங்கியது.

அப்பா தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பத்திரத்தை எடுத்தார். என் கொள்ளுத் தாத்தா 1946ஆம் ஆண்டு நிலம் வாங்கிய கிரயப் பத்திரம் அது. “நீதான் படிக்கிறவன். படி” என்று என் கையில் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் பார்த்தேன். தமிழ்தான். ஆனால் என்னால் படிக்க முடியவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று கை கோத்து ஓடின. புள்ளிகளைக் காணோம். இடையிடையே நான் பார்த்தே இராத சுழிகள். கைப்பேசியில் படம் பிடித்துச் செயலியிடம் கொடுத்தேன். அதுவும் கை விரித்துவிட்டது. ‘கிணற்றில்’ என்ற சொல்லையும், அடுத்து ‘வ’ என்ற எழுத்தையும், அதற்கடுத்துப் ‘பங்கு’ என்பதையும் மட்டும் பிரித்தறிந்தேன். ‘வ’ என்றால் வடக்கு என்று எண்ணினேன். அப்படியானால் பங்காளி சொல்வதே உண்மையாகிவிடுமோ என்று அஞ்சினேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பத்திரத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டார். அந்த மௌனம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கருவி மாறினால் எழுத்தும் மாறும்

எழுத்தின் வடிவத்தை மனிதன் மட்டும் தீர்மானிப்பதில்லை. எழுதும் கருவியும் எழுதப்படும் பொருளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். எடுத்தனூரில் உள்ள நடுகல் ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன் ஆட்சியில் நடப்பட்டது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் அக்கல் தாங்கி நிற்கிறது. ஒரு நாயின் விசுவாசம் 1300 ஆண்டுகளுக்கு மேலாக நமக்குத் தெரிகிறதென்றால், அதற்கு எழுத்தே காரணம். அந்த எழுத்தின் பெயர் வட்டெழுத்து.

பழைய தமிழி எழுத்தை விரைந்து எழுதி எழுதி, கோடுகள் வளைந்து வட்டெழுத்துப் பிறந்தது என்பது அறிஞர் கருத்து. அதாவது தமிழின் முதல் ஓட்டக் கையெழுத்து அதுவே எனலாம். சோழர் ஆட்சி பாண்டிய நாட்டிலும் பரவிய பின், பதினோராம் நூற்றாண்டு முதல் அங்கு அது வழக்கொழிந்தது. சேர நாட்டில் மட்டும் நெடுங்காலம் நீடித்தது. கணிப்பொறி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நாம் ஒரு கையெழுத்தை இழந்திருக்கிறோம் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவது மற்றொரு கலை. ஓலையின் நரம்பு வழியே நீண்ட நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். புள்ளி குத்தினால் பொத்தல் விழும். ஆகவே எழுத்துகள் உருண்டன. மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் நின்றன. படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் இக்குழப்பத்தைத் தீர்க்க வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் தந்தார். இரட்டைச் சுழிக் கொம்பு அவர் கொடை.

கூட்டெழுத்து என்பது என்ன?

காகிதமும் மையும் வந்த பின், கணக்குப்பிள்ளைகளும் கர்ணங்களும் பத்திர எழுத்தர்களும் கையைத் தூக்காமல் எழுதப் பழகினர். ஓலைக்காலப் பழக்கத்தால் புள்ளியை விட்டனர். அடிக்கடி வரும் சொற்களுக்குக் குறிகளை வைத்தனர். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. பின்னங்களுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. இவ்வாறு எழுத்தும் குறியும் பிணைந்து ஓடுவதே கூட்டெழுத்து.

இதை யாரும் பள்ளிக்கூடத்தில் கற்பித்ததில்லை. தந்தை எழுதுவதை மகன் பார்த்து, குரு எழுதுவதைச் சீடன் பார்த்துக் கற்றது. 1980ஆம் ஆண்டு தமிழக அரசு பரம்பரையாக வந்த மணியம், கர்ணம் பதவிகளை ஒழித்தது. பிறப்பால் வரும் பதவி ஒழிந்தது நல்லதே. அது ஒழிந்திராவிட்டால் என்போன்றவர் வீட்டுப் பிள்ளை கிராம அலுவலராக வர முடியுமா? ஆயினும் அந்தப் பதவியோடு அந்தக் கையெழுத்தைப் படிக்கும் பயிற்சியும் போய்விட்டது. அதை மட்டுமாவது எல்லாருக்கும் பொதுவாக்கியிருக்கலாம்.

அச்சும் தட்டச்சும் கணிப்பொறியும்

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. அச்சுக்கோப்பில் ஒவ்வோர் எழுத்தும் தனித் துண்டு. கை கோத்த எழுத்துகள் அங்கே பிரிந்து நின்றன. பின்னர் யாழ்ப்பாணத்து ரா. முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தார். அப்பொறியில் புள்ளிக்கு நகரா விசை. புள்ளியை முதலில் தட்டி, பிறகே எழுத்தைத் தட்ட வேண்டும். எழுதும்போது எழுத்து முன்னும் புள்ளி பின்னுமாக வரும். பொறியின் வசதிக்காக விரல் தலைகீழாகப் பழகிற்று.

பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை அரசு 1978இல் ஏற்றது. யானைத் துதிக்கை போன்ற கொம்பு வைத்த பழைய ‘லை’ உள்ளிட்ட 13 எழுத்துகள் வடிவம் மாறின. அச்சுக்கும் தட்டச்சுக்கும் சுமை குறைந்தது. 1999இல் ‘தமிழ்99’ விசைப்பலகை வந்தது. 2003இல் மேற்சொன்ன ௳, ௴, ௵ குறிகளும், 2019இல் தமிழ்ப் பின்னக் குறிகளும் ஒருங்குறியில் இடம் பெற்றன.

விந்தையைப் பாருங்கள்! கணிப்பொறி அந்தக் குறிகளை மறக்கவில்லை, நாம்தான் மறந்தோம். ஆகவே பழியைப் பொறியின்மேல் மட்டும் போடுவது நியாயமன்று.

எங்கள் தலைமுறையின் கை

என் கதையையே சொல்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளி மூடியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. 2021 ஜனவரியில் திறந்தபோது பத்தாம் வகுப்பு. இடையில் பேனாவைத் தொட்ட நாள் குறைவு. திரும்பி வந்து அரைப்பக்கம் எழுதுவதற்குள் விரல் வலித்தது. எழுத்து கோழி கிளறியதுபோல் ஆயிற்று. அந்த ஆண்டு பொதுத் தேர்வும் இல்லை, எல்லாரும் தேர்ச்சி. இன்று நண்பர்களுக்குக் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறோம், அல்லது வாயால் சொல்லி எழுத வைக்கிறோம். ஆனால் பருவத் தேர்வில் மூன்று மணி நேரம் கையால்தான் எழுத வேண்டும். ஆய்வகப் பதிவேடும் அப்படியே. பழக்கம் ஒன்று, பரீட்சை வேறொன்று.

கையால் எழுதுவதால் பயன் உண்டா? நார்வே நாட்டு டிரான்ட்ஹெய்ம் நகரில் 36 மாணவர்களின் மூளை மின்னலைகளை அளந்து 2024இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. விசையைத் தட்டும்போது இருப்பதைவிட, கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளிடையே தொடர்பு விரிந்து காணப்பட்டது என்பது அதன் முடிவு. இதிலிருந்து கையால் எழுதுபவன் அறிவாளி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் கை வெவ்வேறாக அசைகிறது, விசைக்கோ எல்லா எழுத்துக்கும் ஒரே தட்டுத்தான் என்பது எவருக்கும் விளங்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் கூட்டெழுத்துப் பயிற்சியைத் தொடக்கப் பள்ளிகளில் கட்டாயமாக்க 2023இல் சட்டம் செய்தது. காந்தியடிகள் தம் சுயசரிதையில், தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர்களின் அழகிய எழுத்தைக் கண்டு தம் எழுத்துக்காக வெட்கப்பட்டதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நம் ஊரிலே, 1902ஆம் ஆண்டு வாக்கில் பேசாதிருந்த ரமணர், சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு எழுதிக் காட்டியே விடையளித்தார். ‘நான் யார்?’ என்னும் நூல் அவ்வாறு பிறந்ததே. வாய் மூடியிருந்தபோது கை பேசிற்று.

முடிவுரை

பத்திரத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நகரில், தொழிலை விட்டு ஓய்ந்திருந்த முதிய பத்திர எழுத்தர் ஒருவரைத் தேடிப் போனோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நீரோடை போலப் படித்தார். என் ‘வ’ வந்ததும், “ஐயா, அது வடக்குதானே?” என்றேன். அவர் சிரித்தார். “வடக்கு இல்லை தம்பி, கால். மேற்படி கிணற்றில் கால் பங்கு. நாலு நாளைக்கு ஒரு நாள் தண்ணீர் உங்களுக்கு” என்றார்.

அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவர் சொல்லச் சொல்ல நான் முழுப் பத்திரத்தையும் இன்றைய எழுத்தில் படியெடுத்தேன். அச்சடித்துத் தரலாம், ஆனால் கையாலேயே, பெரிய எழுத்தில், நிறுத்தி எழுதினேன். அன்றிரவு அப்பா விளக்கடியில் எழுத்துக் கூட்டி அதைத் தாமே படித்தார். மறுவாரம் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பெரியவர் பத்திரத்தைப் படிக்க, பங்காளி கேட்டுக்கொண்டிருந்து, “எனக்கும் இது தெரியாது” என்றார். அவர் வீட்டிலும் படிக்க ஆளில்லை. பாதிப் பயிர் போயிற்று, பாதி பிழைத்தது.

நண்பர்களே! நம் கல்லூரிக்கு வருவோரில் பலர் என்போல் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் வீட்டுத் தகரப் பெட்டிகளிலும் இத்தகைய காகிதங்கள் இருக்கலாம். இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில், கூட்டெழுத்தறிந்த முதியவர்களைத் தேடி, அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்வது. மற்றொன்று, துறைக்கொரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது. கணிப்பொறியும் பழகுவோம், கையையும் மறவாதிருப்போம். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வர என் அம்மாவுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. அதை நாம் ஒரே தலைமுறையில் தொலைத்துவிடலாமா?