கிராம சபையில் மைக் யார் கையில்?

ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர்தான். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் தந்த உரிமை இது. ஆனால் பந்தலுக்குள் யார் எங்கே உட்கார்கிறார் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பல ஊர்களில் காட்சி ஒன்றுதான். துணி விரித்த மேசை. அதன் பின்னால் தலைவர், செயலர், கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளர். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள். பெண்கள் ஜமக்காளத்தில், அல்லது பந்தல் கால் ஓரமாக நின்றபடி. மைக் ஒயர் மேசையோடு முடிந்துவிடும். பின்னாலிருந்து குடிநீர் பற்றிக் கேட்க நினைப்பவர், அத்தனை பேரையும் தாண்டி முன்னால் வர வேண்டும். வந்து நின்றாலும் அவர் முகம் மேசையைப் பார்த்தபடிதான் இருக்கும்; கேள்வி மனுவாகிவிடுகிறது.

இடம் முக்கியம் என்பது அரசுக்கும் தெரியும். மதச்சார்புள்ள வளாகத்தில் கூட்டம் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. கோயில் மண்டபத்தில் கூட்டினால் யார் உள்ளே வர முடியும் என்பதை ஊர் வழக்கமே தீர்மானித்துவிடுமே! நல்ல விதிதான், ஆனால் பந்தல் வாசலோடு நின்றுவிடுகிறது.

தமிழக கிராம சபைப் பேச்சுகளை எழுத்தில் எடுத்து அலசிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. ஆண்களைவிடப் பெண்கள் பேசும் வாய்ப்பு குறைவு. பேசினாலும் அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் வருவது குறைவு. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்கள் கூடுதலாகப் பேசிவிடவில்லை. ஆனால், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைப்பது கூடியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருப்பது யார் என்பதும் முக்கியம்தான்.

கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது வேறொரு வழியைப் பிடித்தது. அங்கே கிராம சபை வார்டு அளவில் கூடுகிறது. பொதுக்கூட்டம் முடிந்ததும் விவசாயம், சுகாதாரம், கல்வி எனச் சிறு குழுக்களாகப் பிரிந்தார்கள். பெண்களுக்குத் தனிக் குழு. நூறு பேர் முன் வாய் திறக்காதவர், பதினைந்து பேர் வட்டத்தில் பேசிவிடுவார்.

தமிழ்நாட்டில் சபை ஊராட்சி முழுமைக்கும் ஒன்று. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 10,000-க்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்பது குறைவெண் வரம்பு. வந்ததற்குச் சாட்சி கையெழுத்து நோட்டு. அது பெரும்பாலும் தொடக்கத்திலேயே சுற்றி வந்துவிடும். போட்டவர் எழுந்து போனாலும் கணக்கில் இருப்பார். கடைசித் தீர்மானத்தை வாசித்த பிறகு அதே நோட்டை இன்னொரு முறை சுற்றவிடலாம். பின்வரிசை வரை போகும் ஒயர்லெஸ் மைக் ஒன்று வாங்க ஊராட்சி நிதியே போதும்.