மதிலில் நாங்க எங்க?

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியான கையோடு, நாடெங்கும் இளைஞர்கள் பெயின்ட் வாளியும் தூரிகையுமாக வீதிக்கு இறங்கினார்கள். போஸ்டர் ஒட்டி அழுக்கேறிக் கிடந்த மதில்கள் நிறம் பெற்றன. நானும் ரசித்தேன். சிங்கள மன்னர்கள், இராவணன், இராணுவ வீரர்கள்... கொழும்பில் பஸ்ஸில் போகும்போது மகன் கேட்டான்: "வாப்பா, இதுல நாங்க எங்க?"

சுவர்க்கலை இரண்டு வகை. அனுமதியோடு வரைவது சுவரோவியம். அனுமதி கேளாமல் எழுதுவது சுவரெழுத்து. முன்னது பெரும்பாலும், இடம் கொடுத்தவர்களுக்குப் பிடித்த கதையைத்தான் சொல்லும். பின்னதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். ஆனால் ஆயுள் குறைவு.

2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் முளைத்த 'கோட்டா கோ கம'வில் கண்டது இரண்டாவது வகை. அதே ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லும் வாசகங்கள் மூன்று மொழிகளிலும் இருந்தன. தமிழுக்கு இடம் தாங்க என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலையில் அவர் பதவி விலகினார். பிறகு கூடாரங்களும் போயின, வாசகங்களும் போயின. நிலைப்பவை அனுமதி பெற்ற மதில்கள்தான். அவற்றில் என்ன வரைவது என்று பேசுகிற இடத்தில் எங்கட பிள்ளைகளும் இருக்கவேணும். மகனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.