கைவிடப்பட்ட நாடகமும் ஆயிரம் நிகழ்ச்சிகளும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை இயக்கியவர் ஜேம்ஸ் பரோஸ். கோடிக்கணக்கானோரைச் சிரிக்க வைத்த அவரது முகத்தை அறிந்தோர் சிலரே.

அவர் 1940-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஏப் பரோஸ் புகழ்பெற்ற நாடகாசிரியர். பெருமரத்தின் நிழலில் சிறுசெடி தழைப்பது எளிதன்று. 1966-இல் தந்தையார் பங்கேற்ற இசைநாடகம் ஒன்றில் மைந்தர் மேடை உதவியாளராய் உழைத்தார். முறையான தொடக்க நாளைக் காணுமுன்பே அந்நாடகம் கைவிடப்பட்டது. எஞ்சியது ஒன்றே: அதில் நடித்த மேரி டைலர் மூர் என்பாரின் அறிமுகம்.

பின்னாளில் அவ்வம்மையாரின் தொலைக்காட்சித் தொடரைக் கண்ட பரோஸ், பணி வேண்டி மடல் வரைந்தார். 1974-இல் கதவு திறந்தது.

1982-இல் சார்ல்ஸ் சகோதரர் இருவருடன் இணைந்து ‘சியர்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடரைப் படைத்தார். பாஸ்டன் நகர மதுக்கடை ஒன்றில் கூடும் எளிய மனிதரின் கதை அது. முதலாண்டில் அதைக் கண்டோர் மிகச் சிலர். எனினும் நிலையத்தார் பொறுமை காத்தனர். தொடர் 1993 வரை ஓடியது. நாட்டின் முதலிடத்தையும் எட்டியது.

கண்ணைவிடச் செவியையே பரோஸ் நம்பினார். படப்பிடிப்பின்போது திரையை உற்றுநோக்காமல், உலவியவாறே உரையாடலின் தாளத்தைச் செவிமடுப்பார். 2015-இல் ஆயிரமாவது நிகழ்ச்சியை இயக்கி முடித்தார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் முதல் முயற்சி வீழ்ந்ததோ? பழித்துரைக்க விரையாதீர். கைவிடப்பட்ட நாடகத்திலன்றோ இவரது வாழ்வுக்கு வித்து விழுந்தது!