எது மாறியது? பழைய கணினியில் நகல் எடுத்த கதை

என்னுடைய பழைய லெப்டொப்பில் ரெம் 512 எம்பிதான். புதிய விண்டோஸ் அதில் ஏறாது. மருமகன்தான் 'டைனி கோர் லினக்ஸ்' போட்டுத் தந்தார். ரொபர்ட் ஷிங்கிள்டெக்கர் தொடங்கிய அந்த இயங்குதளத்தின் அளவு 20 எம்பி சொச்சம்.

அதன் போக்கே வேறு. இயந்திரத்தைப் போட்டதும் தளம் ரெமில் விரிந்துகொள்ளும், அணைத்தால் போய்விடும். அணைக்குமுன் பேக்கப் செய்யச் சொன்னால், ஒரு பட்டியலில் எழுதிவைத்த கோப்புறைகளை மட்டும் 'மைடேட்டா' என்ற ஒரே பொதியாகச் சுருக்கி வட்டில் வைக்கும். எது மாறியது என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் முழுவதையும் கட்டும். சின்னச் சின்ன அமைப்புக் கோப்புகளுக்கு இது போதும். என்னிடமோ ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைத் தட்டிய கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றை வட்டிலேயே தனியாக வைத்து, மாறியதை மட்டும் பென்ட்ரைவுக்கு எடுக்க நினைத்தேன்.

வழி லேசு. 'டச்' கட்டளையால் வெறும் கோப்பொன்றை உருவாக்கிக் குறியாக வைக்கிறோம். அடுத்த முறை 'ஃபைண்ட்' கட்டளையில் 'நியூவர்' என்று அந்தக் குறியைக் காட்டினால், அதற்குப் பிறகு மாறியவற்றைத் தரும். புதுக்குறியை நகலெடுக்கத் தொடங்குமுன்னரே இட வேண்டும். முடிந்தபின் இட்டால் இடையில் சேமித்தது விடுபடும். பழைய தேதியோடே கொண்டுவந்து போட்ட கோப்பும் இதன் கண்ணில் படாது.

இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். கவிழ்த்தது வேறொன்று. மதர்போர்டில் இருக்கும் காசளவு பற்றரி செத்திருந்தது. ஒவ்வொரு முறை போடும்போதும் கடிகாரம் 2005க்குப் போய்விடும். திருத்த வீட்டில் இணையமும் இல்லை. குறியின் தேதி 2021. புதிதாகத் தட்டியவற்றின் தேதி 2005. ஃபைண்ட் ஒன்றையும் எடுக்கவில்லை. அணைக்கும்போது தானாக ஓடும்படி வைத்திருந்ததால் நானும் பார்க்கவில்லை. ஏதாவது நகலானால்தான் குறி புதுப்பிக்கப்படும் என்று எழுதியிருந்ததால் அது அப்படியே நின்றது. இரண்டு மாதத்தில் வட்டும் போனது. ஐந்து பேரின் பேச்சு அதோடு போயிற்று. நால்வரிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன். ஐந்தாமவர் அதற்குள் மௌத்தாகிவிட்டார்.

இப்போது 'ஆர்சிங்க்' வைத்திருக்கிறேன். அன்ட்ரூ ட்ரிஜெல், போல் மெக்கெராஸ் இருவரும் 1996இல் வெளியிட்டது. அது 'புதிதா' என்று கேட்பதில்லை, 'வேறா' என்று கேட்கிறது: இரு பக்கமும் அளவையும் தேதியையும் ஒப்பிட்டு, ஒன்று பிசகினாலும் நகலெடுக்கும். கடிகாரம் பின்னால் போனாலும் தேதி வேறுதானே! ஆனால் 'அப்டேட்' தெரிவைச் சேர்த்துவிடாதீர்கள். நகல் புதியதாகத் தெரிந்தால் மூலத்தை விட்டுவிடும், பழைய வம்பு திரும்பி வரும். பென்ட்ரைவ் ஃபெட் வகையானால் நேரத்தை இரண்டு இரண்டு செக்கனாகத்தான் குறிக்கும். அதற்கு 'மொடிஃபை விண்டோ' ஒன்று என்று கொடுத்தால் மாறாததையெல்லாம் திரும்ப எடுக்காது.

மாதம் ஒருமுறை 'ஷா256சம்' கட்டளையால் எல்லாக் கோப்புக்கும் கையொப்பம் எடுத்து, போன மாதப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன். கோப்பு முழுவதையும் வாசிப்பதால் என் இயந்திரத்தில் ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஓடும். தேதியை அது பார்ப்பதேயில்லை. அழிந்துபோனதும் பட்டியலில் தெரிந்துவிடும்.