உஷார்! கோடிங் இல்லாமல் செய்த செயலிக்குப் பூட்டுப் போட்டீர்களா?

மட்டக்களப்பின் எழுவான்கரையோ படுவான்கரையோ, மீனவர் சங்கச் சந்தாவையோ மாதர் சங்கக் கடன் தவணையையோ வெள்ள நிவாரணப் பதிவையோ ‘கோடிங் தெரியாமலே’ செய்த செயலி ஒன்றில் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இன்று பின்னேரமே அந்த லிங்கை, சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் போனில் திறந்து பாருங்கள். அங்கத்தவர் பட்டியல் விரிந்தால், அது உலகத்துக்கே விரிந்து கிடக்கிறது.

2021 மே மாதம் அப்கார்ட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதைத்தான் கண்டுபிடித்தது. கோடிங் இல்லாமல் செயலி செய்ய உதவும் மைக்ரோசொப்டின் பவர் ஆப்ஸில் கட்டிய இணையதளங்கள் பலவற்றில் உள்ளே இருக்கவேண்டிய தரவு வெளியே தெரிந்தது. தேடத் தேட 47 அமைப்புகள், 3 கோடியே 80 இலட்சம் பதிவுகள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஃபோர்ட், இந்தியானா மாநிலச் சுகாதாரத் திணைக்களம்; மைக்ரோசொப்டும் அதில் அகப்பட்டது. தடுப்பூசிப் பதிவு, கொரோனாத் தொற்றாளரோடு பழகியவர் விவரம், வேலைக்கு விண்ணப்பித்தவரின் சமூகப் பாதுகாப்பு இலக்கம் எல்லாம் கிடந்தன. யாரும் எதையும் உடைத்து நுழையவில்லை. அட்டவணையை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டைச் செயலி செய்தவரே தேடிப்போய் இயக்கவேண்டியிருந்தது. இயக்காதவர்களுடையது திறந்தே இருந்தது. அப்கார்ட் அறிவித்த பிறகுதான் மைக்ரோசொப்ட் அந்த வழக்கத்தை மாற்றியது.

சம்பளத்துக்குக் கணினி ஆட்கள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே இந்த நிலை. ஓய்வு நேரத்தில் திரையில் பெட்டிகளை இழுத்து வைத்துச் செயலி செய்துதரும் தம்பி தங்கச்சிமார் இன்னும் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

ஆப்ஷீட், ஸோஹோ கிரியேட்டர், பவர் ஆப்ஸ் எல்லாம் நல்ல கருவிகள்தான். நிரல் எழுதும் வேலையை அவை எடுத்துக்கொள்கின்றன. யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் வேலை உங்களிடமே இருக்கிறது. அட்டவணையின் ஒரு நெடுவரிசையைத் திரையில் மறைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. திரையில் தெரியாத தரவும் பார்ப்பவரின் போனுக்கு வந்து சேர்ந்திருக்கலாம். தெரிந்தவன் அதை எடுத்துவிடுவான். தரவு புறப்படும் இடத்திலேயே தடுக்கும் அனுமதி விதியைப் போடுங்கள்.

நம் அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கம் என்று எண்ணாதீர்கள். பிறந்த ஆண்டும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதோடு தொலைபேசி, கிராம சேவகர் பிரிவு, கட்டவேண்டிய தவணை, கணவர் இல்லாத குடும்பம் என்ற குறிப்பு எல்லாம் ஒரே அட்டவணையில் இருந்தால், ஏமாற்ற வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு பெயர்ப் பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று போரைக் கண்ட மட்டக்களப்புக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. ஆனால் வெளியே போன விவரத்தை எந்தச் சட்டமும் திருப்பிக் கொண்டுவராது. தேவையில்லாத விவரத்தைக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு ஆபத்து, செயலி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. செய்துகொடுத்த பிள்ளையின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவர் கட்டாருக்குப் போன பிறகு சங்கத்தின் கணக்கு யார் கையில்? கருவியே மூடப்படலாம்: கூகுளின் ஆப் மேக்கர் 2021 ஜனவரியிலும், அமேசானின் ஹனிகோட் 2024 பெப்ரவரியிலும் நிறுத்தப்பட்டன. பிரதி இல்லாவிட்டால் தரவே போய்விடலாம்: 2023 இல் இலங்கை அரச கிளவுட்டை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுக்குக் காப்புப் பிரதி இல்லாததால் அந்தக் காலத்து அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. ஆகவே சங்கத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து செயலியை அதற்கு மாற்றுங்கள். மாதம் ஒருமுறை முழு அட்டவணையையும் இறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சோதித்தபோது பட்டியல் திறந்துகொண்டதா? பிழை யாருடையது என்று பிறகு பேசலாம். முதலில் லிங்கை நிறுத்துங்கள். அடுத்து, வீடு வீடாகப் போயாவது அங்கத்தவர்களுக்குச் சொல்லுங்கள்: உங்கள் பெயரும் தவணையும் சரியாகச் சொல்லி யார் போன் எடுத்தாலும், சங்கத் தலைவரிடம் நேரில் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.